கதையை நம்பி வந்த இருவர்

என் வீட்டுக்காரர் போதகர். அப்போது அந்தச் சபைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் பிப்ரவரி பதினான்காம் தேதி வாலிபர் சங்கத்தில் அவர்தான் பேசுவார். 'காதலர் தினம் எங்கிருந்து வந்தது?' என்பது தலைப்பு. தலைப்பும் மாறாது, பேச்சும் மாறாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பித்துவிடுவேன்.

பேச்சு இப்படிப் போகும். ரோமாபுரியில் ஒரு சக்கரவர்த்தி. அவனுக்குப் படைக்கு ஆள் வேண்டும். கல்யாணம் ஆனவன் வீட்டை நினைத்துக்கொண்டு ஒழுங்காகச் சண்டை போடமாட்டான் என்று, வாலிபர்கள் கல்யாணமே செய்யக்கூடாது என்று தடை போடுகிறான். வாலண்டைன் என்று ஒரு போதகர். ராஜாவின் சட்டத்தைவிடக் கடவுளின் சட்டம் பெரிது என்று, தேடி வந்த ஜோடிகளுக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கல்யாணம் செய்துவைக்கிறார். பிடித்துக்கொண்டு போய்த் தலையை வெட்டுகிறார்கள். அந்த நாள்தான் பிப்ரவரி பதினான்கு. இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "ரோஜாப்பூவும் சாக்லேட்டும் பின்னால வந்தது. முதல்ல வந்தது ரத்தம்" என்பார். பிள்ளைகள் கப்சிப்பென்று இருப்பார்கள். அத்தனை தடவை கேட்ட எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

அந்த வருஷமும் பேசினார். பேசி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஒல்லியும் கப்பல்காரனும்.

ஒல்லி எங்கள் பாடகர் குழுவில் பாடுகிற பெண். ஆள் மெலிசு என்பதால் குழுவில் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருக்கும். அப்பா அம்மா கிடையாது. ஒரு சித்தி வளர்த்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கப்பல்காரன் எங்கள் சபைச் செயலாளரின் இளைய மகன். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவான், குனிந்தும் இடித்துக்கொள்வான்.

செயலாளரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சபையில் ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்றாலும் அவரைக் கேட்டுத்தான் அடிக்கவேண்டும். கெட்டவர் இல்லை. தான் நினைத்ததுதான் நடக்கும் என்று அறுபது வருஷமாகப் பார்த்துப் பழகியவர். எந்தப் போதகர் எத்தனை வருஷம் இருப்பார் என்பதுகூட அவர் பேராயரிடம் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

நான் டீ போட உள்ளே போனேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். எல்லாம் கேட்டது.

"கப்பல்ல கூப்பிட்டுட்டாங்க ஐயா. வர்ற பதினாறாம் தேதி ஏறணும். ஒன்பது மாசம்" என்றான் பையன்.

"சந்தோஷம்ப்பா. ஜெபம் பண்ணட்டுமா?"

"இல்லைங்கய்யா. அதுக்கு முன்னாடி எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கணும்."

பிறகு என் வீட்டுக்காரரின் குரல்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். கூடாதுன்னுட்டார். இவ என்னைவிட மூணு வயசு மூத்தவளாம். ஆஸ்பத்திரி அழுக்கைத் துவைக்கிறவளாம். எனக்கு இருபத்தாறு ஆகுது ஐயா. நான் யாரைக் கேக்கணும்?"

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். பதினாறாம் தேதிக்குள் இரண்டு ஞாயிறுதான் இருந்தது. ஆனால் அவசரம் என்றால் ஓலை இல்லாமலே நடத்தப் பேராயர் அனுமதி தருவார். அதற்குப் போதகர் ஒரு கடிதம் எழுதவேண்டும். அவ்வளவுதான், ஒரு கடிதம். அதற்கு முந்தின வருஷம் ஒரு பொறியாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் எழுதியதை நானே தபாலில் போட்டேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குப்பா" என்றார் அவர். "மூணு ஓலை வாசிக்காம நான் எப்படி..."

அதுவரை ஒல்லி வாயைத் திறக்கவில்லை. இப்போது மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானே ஐயா சொன்னீங்க, அந்தக் காலத்துல ஒரு போதகர் தலையே போனாலும் பரவாயில்லைன்னு கல்யாணம் பண்ணி வெச்சாருன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் இவர் சொன்னார், நம்ம ஐயாகிட்டப் போலாம்னு."

என் கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது.

"அது... அது வழிவழியா சொல்ற கதைம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்குச் சரித்திரத்துல ஆதாரம் கிடையாது. பின்னால யாரோ சேர்த்து எழுதினது. அதை வெச்சுக்கிட்டு இன்னிக்கு முடிவெடுக்க முடியுமா?"

"கதைங்களா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒன்பது மாசம்தானே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும். அதுக்குள்ள நான் அப்பாகிட்டப் பக்குவமாப் பேசறேன். நீ வந்ததும் ஊரறிய, முறையா, சந்தோஷமாப் பண்ணிக்கலாம்."

பதிவு அலுவலகத்திலும் ஒரு மாச நோட்டீஸ் கேட்டார்களாம். எங்கள் வீடுதான் கடைசி. நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். பையன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். அவள் இரண்டு டம்ளரையும் எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தாள். "பரவாயில்லை வைம்மா" என்றேன். "கை சும்மா இருக்காதும்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வார்த்தை, 'எழுதிக் கொடுத்துடுங்களேன்' என்று அவரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எங்கள் போதகர் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொடுத்தவர் செயலாளர், அந்தக் கூரைக்கு அடியில்தானே நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை.

செயலாளரிடம் பக்குவமாகப் பேசுகிறேன் என்றாரே, அதுவும் நடக்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது.

கப்பல் ஏறி ஐந்தாவது மாசம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செயலாளர் வீட்டுக்குத் தகவல் வந்தது. நாங்கள் ஓடினோம். செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கப்பல் கம்பெனி ஆள் கொண்டுவந்த கடிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தரையில் கிடந்தார். வெள்ளியும் சனியும் அந்த வீட்டிலேயே போயிற்று.

சனிக்கிழமை திரும்பி வரும்போது வழியில் சொன்னேன். "என்னங்க, அந்தப் பொண்ணுக்குச் சொல்லணுமே."

"இப்ப அந்தப் பேச்சை எப்படி எடுக்கறது? அவர் இருக்கிற நிலைமையில..." என்றார். "யாராவது சொல்லியிருப்பாங்க."

யாராவது. நானும் அந்த யாராவதை நம்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. சபையில் நான்தான் ஆர்கன் வாசிப்பேன். ஆர்கனுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, முதுகுப்பக்கம் நிற்கிற பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்வதற்காக. அதில் ஒல்லி தெரிந்தாள். இரண்டாம் வரிசை ஓரம். பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்து போகலாம் என்றால், அதற்குள் அவர் அறிவிப்புகள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு பள்ளி ஒன்பது மணிக்கு. பாடகர் குழுப் பயிற்சி புதன்கிழமை. பெண்கள் பக்கத்துக் குழாய் பழுது, யாரும் திறக்கவேண்டாம். அப்புறம் அதே குரலில், "நம் சபைச் செயலாளர் அவர்களின் இளைய மகன், பணியிடத்தில் நேர்ந்த விபத்தில், கடந்த புதன்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை ஆழ்ந்த துக்கத்துடன்..."

எந்த இடத்தில் நின்று அவர்களுடைய ஓலையை வாசித்திருக்கவேண்டுமோ, அந்த இடத்தில் நின்றுதான் வாசித்தார்.

அடுத்து பாட்டு. எல்லோரும் எழுந்தார்கள். அவளும் புத்தகத்தைத் திறந்துகொண்டு எழுந்தாள். வாய் திறந்திருந்தது, பாட்டு வரவில்லை. முதல் சரணம் முடியும்வரை அப்படியே நின்றாள். பிறகு புத்தகத்தை மூடி இருக்கையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். கதவு சத்தம் போடாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சாத்தினாள். நான் நாலு சரணமும் வாசித்தேன். என் கை நிற்கவில்லை.

உடல் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அடக்க ஆராதனையில் பெற்றோர், அண்ணன், அண்ணி, மாமாமார், அத்தைமார் என்று பெயர் பெயராகச் சொல்லி ஆறுதலுக்கு ஜெபித்தார்கள். ஒல்லி கடைசிக்கு முந்தின வரிசையில், யாரோ பாட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை. பாத்தியதை இல்லாதவள் எப்படிச் சத்தம் போட்டு அழுவாள்? கல்லறைக்கு வரவில்லை. அன்றிலிருந்து சபைக்கும் வரவில்லை.

மறு வருஷம் பிப்ரவரி பிறந்தது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "வழக்கம்போல பேசணும் ஐயா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சரி என்றார். குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், முதல் பக்கத்திலேயே இருக்கிறார்.

"உடம்பு சரியில்லையா?"

"ஆதாரம் இல்லைன்னு சொன்னேன்" என்றார். "சபையில சொல்லும்போது சத்தியம் மாதிரி சொன்னேன். அவங்க நம்பி வந்து நின்னப்போ கதைன்னு சொன்னேன். எனக்கு வேணும்னா ஒண்ணு, வேண்டாம்னா ஒண்ணு."

"நோட்டுல என்னத்தைத் தேடறீங்க? அவளைப் போய்ப் பாருங்க" என்றேன். "நானும் வரேன்."

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே இருந்தது சலவைப் பிரிவு. படி இறங்கும்போதே ஆவி முகத்தில் அடித்தது. ஆள் உயரத்துக்கு டிரம்கள் சுழன்றுகொண்டிருந்தன. தள்ளுவண்டிகளில் மலைமலையாகப் படுக்கை விரிப்புகள். ஒரு நீளமான சூடான உருளைக்குள் ஈரத்துணி போய் மறுபக்கம் மொடமொடவென்று வந்தது. அதை எடுத்து மடிக்கிற இடத்தில் அவள் தனியாக நின்றாள். மடிக்க இரண்டு ஆள் வேண்டும். கூட்டாளி சாப்பிடப் போயிருந்தாள் போல.

எங்களைப் பார்த்து, "வாங்கம்மா. வாங்க ஐயா" என்றாள். கை நிற்கவில்லை. நான் போய் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தேன். பாதியாக மடித்து, உதறி, நடந்து போய் முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் வந்து... இப்படி நாலைந்து ஆயிற்று. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் கடைசியில். மிஷின் சத்தத்தில் கொஞ்சம் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. "முறைன்னு சொன்னேன். அது முறை இல்லை, பயம். செயலாளர் மேல பயம். ஒரு கடிதம் எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"தெரியும் ஐயா" என்றாள். "அன்னிக்கே வெளியில வந்து அவர் சொன்னார், 'ஐயா பயந்துட்டார், பாவம்'னு. திட்டலை."

என் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"மன்னிச்சிடுன்னு கேக்க வந்தேன்."

"அதெல்லாம் என்னால இப்ப சொல்ல முடியாது ஐயா. சொன்னா வாய்தான் சொல்லும்." இன்னொரு விரிப்பை இழுத்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அவர் எப்படிச் செத்தார்? எனக்கு யாரும் சொல்லலை. கம்பெனிக்கு ஃபோன் பண்ணினேன். நீங்க அவருக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க. வெச்சுட்டேன்."

ஏழு மாசம் ஆகியிருந்தது. அவன் எப்படி இறந்தான் என்பது கோயில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவர் சொன்னார். கப்பலின் அடித்தட்டில் ஒரு தொட்டி. உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது. சுத்தம் செய்ய முதலில் இறங்கிய ஆள் மயங்கி விழுந்துவிட்டான். மேலே நின்ற இவன், முகமூடி எடுத்துவர ஆள் போயிருக்கிறது, பொறு என்று மற்றவர்கள் சொல்லச்சொல்ல, அவனைத் தூக்கிவிடலாம் என்று இறங்கினான். இரண்டு பேருமே ஏறி வரவில்லை.

அவள் விரிப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "வலி இருந்திருக்குமா?"

"உடனே நினைவு போயிடும், வலி தெரியாதுன்னு எழுதியிருந்தாங்க" என்றார். பிறகு, "அது அவங்க எழுதினது. எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு அந்த விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். சூடு ஆறாத துணி. முகம் வைத்த இடம் நனைகிற வரைக்கும் அழுதாள். முடிந்ததும் அதை மறுபடி அழுக்கு வண்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். இந்தத் தடவை மறுமுனையை அவர் பிடித்தார். கோணல்மாணலாக மடித்தார். அவள் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளரும் மனைவியும் முன்வரிசையில். மகன் போன பிறகு எந்தக் கூட்டத்தையும் அவர் தவறவிடுவதில்லை. என் வீட்டுக்காரர் நோட்டு இல்லாமல் எழுந்தார்.

"நான் வருஷா வருஷம் சொல்ற கதையில எது தெரியும், எது தெரியாதுன்னு முதல்ல சொல்லிடறேன்" என்றார். "வாலண்டைன்னு விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஒருத்தர் இருந்தார். அந்தப் பேர்ல ரெண்டு மூணு பேர் இருந்திருக்கலாம். பிப்ரவரி பதினாலுல சபை அவரை நினைச்சுது. இவ்வளவுதான் ஓரளவு நிச்சயமாச் சொல்லலாம். கல்யாணம் பண்ணி வெச்சார்ங்கிறது பல நூறு வருஷம் கழிச்சு எழுதினது. காதலர்களோட நாள்னு ஆனதும் அப்படிப் பின்னால வந்ததுதான். நடந்ததோ நடக்கலையோ, ஒரு போதகர் அப்படித்தான் இருந்திருக்கணும்னு ஜனங்க ஆசைப்பட்டிருக்காங்க. அதனால சொல்லிச் சொல்லி வந்திருக்கு. இந்தச் சபையில ரெண்டு பேர் அதை நம்பினாங்க. நம்பி என் வீட்டுக் கதவைத் தட்டினாங்க."

மீதியையும் சொன்னார். கடிதம், ஓலை, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. ஒல்லியின் பெயரைச் சொன்னார். செயலாளரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, பயம் தன்னுடையது என்றார். செயலாளர் பாதியில் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "வா" என்றார் மனைவியைப் பார்த்து. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக இருக்கும். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தனியாகப் போனார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளரம்மா என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு எந்த நேரத்துல வேலையில இருக்கும்?" என்று கேட்டார்.

ஏப்ரலில் எங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. யார் சொல்லி வந்தது என்று கேட்கவேண்டியதில்லை. அவரும் முணுமுணுக்கவில்லை. பெட்டி கட்டுவதற்கு முந்தின வாரம், செயலாளரம்மாவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிப்ரவரியிலிருந்தே வருகிறேன் என்பார், கிளம்பவேண்டிய நாளில் அவருக்குக் கால் வராது.

அந்த அம்மாவால் ஆவிக்குள் இறங்க முடியவில்லை. படிக்கு மேலே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஒல்லியை அழைத்து வந்தேன். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சற்றுத் தள்ளி நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் செயலாளரம்மா. "கிளம்பறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் என்கிட்டச் சொன்னான். 'நீ ஒரு வார்த்தை பேசும்மா'ன்னான். நான் பேசலை. நீ என்னை எப்படிக் கூப்பிடணுமோ அப்படிக் கூப்பிடு. இல்லைன்னா கூப்பிடவே வேண்டாம்."

ஒல்லி உட்கார்ந்தாள். அந்த அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கப்பலில் இருந்து வந்த பெட்டியில் இருந்த சட்டையாம். நீல வேலைச்சட்டை, காலரில் கறுப்பாக எண்ணெய்க் கறை.

"ரெண்டு இருந்தது. இது உனக்கு. துவைக்கலை. வாசனை போயிடும்னு."

ஒல்லி அதை மூக்கருகே கொண்டுபோனாள். டீசல் வாடை எனக்கே அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். கீழே மணி அடித்தது. அவள் எழுந்து படிவரை போய், திரும்பி வந்து சட்டையை நீட்டினாள்.

"ஆறு மணி வரைக்கும் வெச்சிருக்கீங்களா? உள்ள கொண்டுபோனா யாராவது எடுத்து டிரம்ல போட்டுடுவாங்க."

அத்தை என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. மொட்டையாகத்தான் கேட்டாள்.

அப்போது மணி இரண்டரை. நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டவேண்டும். "வாங்க, சாயங்காலம் திரும்பி வரலாம்" என்றேன்.

"நீ போம்மா. நான் இருக்கேன்" என்றார் செயலாளரம்மா. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.